என் பெயரில் நீ போட்ட அட்டை

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். காதில் அந்தக் கறுப்பு வஸ்துவை மாட்டிக்கொண்டு, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற உன் குழுவோடு கூட்டத்தில் இருக்கிறாய். கதவைத் தட்டினால் தலையைத் திருப்பாமலே கையைக் காட்டுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதை உன் கையில் தரப் போவதும் இல்லை. கலியாண வேலைகளுக்கென்று நீ வேலை செய்கிற கந்தோரின் மென்பொருளில் ஒரு பலகை திறந்து குடும்பத்தையே அதில் சேர்த்துவிட்டாயே, அதில்தான் போடப் போகிறேன். அப்பா வாசிக்கட்டும், தங்கச்சி வாசிக்கட்டும். நீ கட்டப் போகிற பிள்ளையையும் அதில் சேர்த்திருக்கிறாய். அவள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நேற்றுக் காலை தேநீரோடு உட்கார்ந்து அந்தப் பலகையைத் திறந்தேன். வேலைக்கு ஒரு அட்டை என்று அழகாகத்தான் அடுக்கியிருக்கிறாய். மண்டபம், சமையல்காரர், கூறைச் சேலை, வாழைமரம், வீடியோக்காரர். வாழைமரத்துக்கும் வீடியோக்காரருக்கும் நடுவில் ஒன்று கிடந்தது. 'அம்மா வேலையிலிருந்து விலகுதல்.' பொறுப்பு: அம்மா. முடிக்க வேண்டிய நாள்: கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் போய் வருகிற வேலையை, மகன், வாழைமரம் கட்டுகிற வேலையோடு சேர்த்து வைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

இதில் என் பிழையும் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீ கேட்டாய்: "அம்மா, கலியாணத்தோட வேலைய விட்டுருங்க. இனி உங்களுக்கு என்னத்துக்கு? ஒவ்வொரு நாளும் அந்தச் சொப்ட்வெயாரோட மல்லுக்கட்டிக்கொண்டு." நான் சோற்றைப் பிசைந்தபடி "பாப்பம் மனே" என்றேன். நம் பக்கத்தில் 'பாப்பம்' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்ல மனம் வராதவர்கள் சொல்லும் சொல் அது. உன் மென்பொருளுக்கு அது தெரியாது, உனக்குமா தெரியாது? தெரியும். தெரிந்துகொண்டே, 'ஓம்' என்று எடுத்துக்கொண்டு அட்டை போட்டுவிட்டாய். ஏன் என்றும் எனக்குத் தெரியும். நம் வழக்கப்படி நீ ஆரையம்பதிக்கு, அவளுடைய வீட்டுக்கு வாழப் போகிறாய். இந்த வீடு தங்கச்சிக்கு. போகிற வீட்டில் மாப்பிள்ளையின் தாய் இறால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவள் என்று யாரும் மூக்கைச் சுளிக்கக்கூடாது என்று நினைக்கிறாய். மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். உன் பல்கலைக்கழகச் சட்டைகளை நான் தோய்த்ததும் இறால் நாறிய இதே கையால்தான்.

மருமகளே, உனக்காக என் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், இவன் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான். வாவியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் வாங்கி, ஐஸில் அடுக்கி, பின்னேரம் லொறியில் கொழும்புக்கு அனுப்புகிற கம்பனி. தன்னாமுனைப் பக்கம் கந்தோர். ஆரையம்பதியிலும் குருக்கள்மடத்திலும் வாங்கும் இடங்கள் உண்டு. கிளார்க் என்று சேர்ந்தேன். எந்த இடத்துக்கு எத்தனை பெட்டி, எவ்வளவு ஐஸ், லொறி எங்கே எத்தனை மணிக்கு, இதையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் என் வேலை. பொருத்தம் பிசகினால் இறாலின் தலை கறுத்துவிடும். கறுத்த இறாலை ஒருவரும் எடுக்க மாட்டார்கள், காலையில் தோணி தள்ளிப் போன மனிசர் வெறுங்கையோடு போவார்கள். நாங்கள் ஐந்து பெண்கள் இந்த வேலையைப் பார்த்தோம். எங்களுக்கு மேலே ஒரு முகாமையாளர். நல்ல மனிசர், ஆனால் பாதி நாள் கொழும்பில் இருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் தலைமைக் கந்தோர் இதே கூட்டுவேலை மென்பொருளைக் கொண்டுவந்தது. இனிமேல் எல்லாக் கதையும் இதற்குள்ளேதான் என்றார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து காலையிலிருந்து மத்தியானம் வரை ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்கள் ஐந்து பேரும் தலையாட்டினோம். விளங்கியவள் ஒருத்தியும் இல்லை, விளங்கவில்லை என்று சொன்னவளும் இல்லை. போகும்போது ஆளுக்கொரு உறை தந்தார். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரும் கடவுச்சொல்லும். அந்த ஐந்து உறைகளையும் நான்தான் வாங்கி என் மேசை லாச்சிக்குள் போட்டேன். "ஐயாட பேரிலயே எல்லாரும் உள்ள போவம்" என்றேன். மூன்று இடத்துக் கணினிகளிலும் முகாமையாளரின் பெயரைத் தட்டித் திறந்து வைத்தோம். அவரும் மறுக்கவில்லை, பெருமையாகச் சிரித்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். இருபது வருடமாக நான் தட்டச்சிட்ட கடிதம் ஒவ்வொன்றும் அவர் கையெழுத்தோடுதான் வெளியே போனது. தலைமைக் கந்தோருக்குப் போவதெல்லாம் பெரியவர் பெயரில் போனால்தான் மரியாதை என்று மற்ற நாலு பேருக்கும் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். ஆனால் அது மரியாதை இல்லை மகன், பயம். என் பெயரில் எழுதினால் என் எழுத்துப்பிழை என்னுடையதாகிவிடும். அந்தப் புது மென்பொருளில் நான் தடுமாறுவது தெரிந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் தெரியாதவள் என்று பெயர் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மரியாதை என்று சொல்லி மூடினேன், என்னோடு சேர்த்து நாலு பேரையும் அதற்குள் தள்ளினேன். வீட்டில் ஒரு மென்பொருள்காரன் இருந்தும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பாய் என்று நினைத்தேன்.

முகாமையாளர் கொஞ்ச நாளில் கம்பனியின் நட்சத்திரம் ஆகிவிட்டார். ஒரே நேரத்தில் ஆரையம்பதியில் நண்டு தரம் பிரிப்பார், குருக்கள்மடத்தில் பெட்டி ஏற்றுவார், தன்னாமுனையில் லொறிச் சாரதிக்குப் பதில் எழுதுவார். தலைமைக் கந்தோர் அவரைப் பாராட்டி எழுதியது. நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும்போது போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கோமதியோடு நின்றது. கோமதி குருக்கள்மடத்தில் இருந்தவள், வருட ஒப்பந்தம். புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் கடிதம் வந்தது. மென்பொருளில் அவளுடைய பங்களிப்பு எதுவும் பதிவாகவில்லை, ஆகவே ஒப்பந்தம் நீடிக்கப்படாது. மற்ற நாலு பேரின் தேவையும் பரிசீலனையில் இருக்கிறது. சரிதானே? அவர்களுடைய பதிவில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு நாள்கூட உள்ளே வரவில்லை. நாள் முழுக்க ஈரத் தரையில் நின்ற கால்களுக்குப் பதிவு ஏது?

நான் குருக்கள்மடத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கோமதி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "எல்லாம் என்னாலதான் புள்ள, அந்த உறைய நான்தான் பூட்டி வெச்சன்" என்றேன். அழுதேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவள் அழவில்லை. கையிலிருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னட்டச் சொல்லி என்னக்கா? அவங்களிட்டச் சொல்லுங்க." தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. சரியான பிள்ளை. திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அவளுடைய அந்த ஒரு கேள்விதான் எனக்குள் ஓடியது.

அடுத்த நாள் காலை லாச்சியைத் திறந்து உறைகளை எடுத்தேன். என் பெயரில் உள்ளே போய், எல்லோரும் பார்க்கிற அறையில் முதல் வரி எழுதினேன். மூன்று பிழை இருந்தது. திருத்தவில்லை. மற்ற மூவரையும் கூப்பிட்டு, "இனி அவரவர் பேரில அவரவர் எழுதுங்க. பிழை வந்தா அவங்களிட்ட நான் பறைஞ்சுகொள்றன்" என்றேன். ஆரையம்பதியில் இருக்கிற பரீதாவுக்குத்தான் கடினமாக இருந்தது. காத்தான்குடியிலிருந்து வருகிறவள், வேலையில் சிங்கம், எழுதச் சொன்னால் மட்டும் கூச்சம். ஒரு நாள் ஐஸ் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. எனக்கு மட்டும் தனிச்செய்தி போட்டாள்: "அக்கா, இஞ்ச ஐஸ் முடியப் போகுது." எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடு என்றேன். "அல்லாவே, பிழை எங்கட பக்கம் எண்டு நினைப்பாங்களே அக்கா" என்றாள். "நினைச்சா நினைக்கட்டும், போடுங்க புள்ள" என்றேன். போட்டாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் குருக்கள்மடத்தில் இருக்கிற மற்றப் பிள்ளையிடமிருந்து பதில்: இன்றைக்கு இங்கே இறால் குறைவு, ஆறு பெட்டி ஐஸ் மிச்சம். அதற்குக் கீழே லொறிச் சாரதி: நான் இப்ப அங்கதான் நிக்கிறன், வாற வழியில இறக்கிறன். அவ்வளவுதான். முந்தி என்றால் பரீதா எனக்குப் போன் எடுப்பாள், நான் முகாமையாளருக்கு எடுப்பேன், அவர் கூட்டத்தில் இருப்பார், பிறகு எடுத்து 'பாப்பம்' என்பார், இறால் கறுத்திருக்கும். குருக்கள்மடத்தில் ஐஸ் மிச்சம் இருப்பதே ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மென்பொருள் விளங்கியது. தனிச்செய்தியில் கேட்டால் எனக்குத் தெரிந்தது மட்டும்தான் அவளுக்குக் கிடைக்கும். பொது அறையில் கேட்டால் எனக்குத் தெரியாததும் கிடைக்கும். பிறகு நான் விடவில்லை. போனில் என்ன பேசி முடித்தாலும் போனை வைத்த கையோடு ஒரு வரி அதில் எழுதினேன், யார் சொன்னது, என்ன முடிவு என்று. ஒரு கதைக்கான பதிலை அந்தக் கதைக்குக் கீழேயே எழுதச் சொன்னேன். எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டுக் கத்துவதை நிறுத்தி, வேண்டியவரை மட்டும் கூப்பிடப் பழக்கினேன். லொறி நேரத்தை மேலே குத்தி வைத்தேன். நாள் முழுக்க 'டிங் டிங்' என்று அடிக்கிற மணியை அணைத்துவிட்டு, காலை, பெட்டி ஏற்ற முன், ஏற்றிய பின் என்று மூன்று தரம் மட்டும் பார்த்தேன். நீ இன்னமும் அந்த மணிக்கு ஒவ்வொரு தரமும் துள்ளுகிறாய், சோற்றுக் கையோடு போனைத் தடவுகிறாய். யார் மல்லுக்கட்டுகிறார்கள் என்று நீயே சொல்.

பரிசீலனைக் கூட்டம் வீடியோவில் நடந்தது. திரையில் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ். எங்கள் பக்கத்தில் முகாமையாளரும் நாங்கள் நாலு பேரும். அந்த மிஸ் மரியாதையாகத்தான் கதைத்தார். "நீங்க வேலை செய்யல்ல எண்டு சொல்லல்ல. ஆனா ரெண்டு வருசப் பதிவில, இந்தக் கொஞ்ச நாளத் தவிர, உங்கட பேரே இல்லையே" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு கிழமையாக நான் தேடல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். உன் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தேடல் பெட்டிதான். மனிதர் மறப்பதை அது மறப்பதில்லை. ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினேன். "மிஸ், இது நீங்களே எழுதின கூட்டக் குறிப்பு. அண்டைக்குக் காலம ஐயா உங்களோட கொழும்பில இருந்தவர், பேர் கிடக்கு. அதே நேரம் அவர்ட பேரில குருக்கள்மடத்தில பெட்டி ஏத்தினதெண்டும் எழுதிக் கிடக்கு. அப்ப இஞ்ச ஏத்தினது ஆரு?" அடுத்த பக்கம், அதற்கடுத்தது என்று இருபதுக்கு மேல் வைத்திருந்தேன். நாலாவதோடு அந்த மிஸ் கையை உயர்த்தினார். முகாமையாளர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "அவங்கதான் மிஸ். கோமதியும் இவங்களும். எனக்குத் தெரியும். நான் பேசாம இருந்திட்டன்."

எங்கள் நாலு பேரின் வேலையும் தப்பியது. கோமதியின் வேலை தப்பவில்லை. முடிந்த ஒப்பந்தம் முடிந்ததுதானாம், பிறகு பார்ப்போமாம். கொழும்பிலும் 'பாப்பம்' இருக்கிறது பார்த்தாயா. அன்றே எங்கள் கிளைப் பலகையில் ஒரு அட்டை போட்டேன். 'கோமதியைத் திரும்ப எடுத்தல்.' பொறுப்பு: என் பெயர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதன் கீழ் ஒரு வரி எழுதுகிறேன். "இந்தக் கிழமை முடிவு என்ன?" அவ்வளவுதான். அந்த மிஸ் பார்த்துவிட்டார் என்று மென்பொருள் எனக்குக் காட்டுகிறது. பார்க்கவில்லை என்று அவரால் சொல்ல முடியாது, கேட்கவில்லை என்று என்னையும் ஒருவர் சொல்ல முடியாது. அந்த அட்டை இன்னும் 'நடக்கிறது' என்ற வரிசையில்தான் நிற்கிறது. நான் விலகிப் போனால் அதைப் பொறுப்பில்லாத அட்டை என்று யாரோ ஒரு நாள் அழித்துவிடுவார்கள். இப்போது விளங்குகிறதா, ஏன் வெள்ளிக்கிழமைக்குள் என்னால் முடியாது என்று?

இனி உன்னுடைய கதைக்கு வருகிறேன். வாவியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? கண்டல் மரம், மீன், கொக்கு என்று பெரிய வரைபடம். அதை மூன்று நாள் முழங்காலில் இருந்து வரைந்தது தங்கச்சி. ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரையும் எழுதியிருந்தாள். "அண்ணன்ட படம்தானே, அவன்ட பேர் மட்டும் கிடக்கட்டும்" என்று சொல்லி அழிப்பானை எடுத்து அழித்தது நான். உனக்குப் பரிசு கிடைத்தது. அவள் கைதட்டினாள். லாச்சிக்குள் ஐந்து உறைகளைப் போட்ட கை அன்றைக்கே பழகிய கை. மகள், இதை நீ வாசிக்கிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அது பிழை. என்னை மன்னித்துக்கொள்.

மகன், உன் கலியாணப் பலகையை இப்போது பார். மண்டபம்: பொறுப்பு நீ. போய் மூன்று மண்டபம் பார்த்து நாள் பேசியது தங்கச்சி. சமையல்காரர்: பொறுப்பு அப்பா. அந்த மனிசனுக்குச் சமையல்காரரின் பெயரே தெரியாது, பேசியது நான். கூறைச் சேலை: பொறுப்பு மறுபடி நீ. அதை எடுத்தது மருமகளும் அவளுடைய தாயும். நீ கெட்டவன் இல்லை. அட்டை போடுகிறபோது கை தானாக உன் பெயருக்குப் போயிருக்கிறது. எங்கள் முகாமையாளரும் கெட்டவர் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தார், ஒருத்தி வேலையிழந்தாள். நாளைக்கு நீ பத்துப் பேருக்குத் தலைவன். பலகையைத் திறக்கும் ஒவ்வொரு காலையும், செய்தவரின் பெயர் செய்ததற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார். ஒருவர் தனியே வந்து உன் காதில் கேட்டால், அதைப் பொது அறையில் கேட்கச் சொல், கேட்டவர் முகம் சிவக்காமல் பதில் சொல். புதிதாய் வந்தவர் தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று எடுக்காதே. 'பாப்பம்' என்றால் இன்னொரு தரம் கேள். போகிற வீட்டிலும் இதுதான் கதை. அங்கே ஆக்கி வைப்பவள் யார் என்று சாப்பிட முன் தெரிந்துகொள்.

இன்று காலை நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் பலகை காட்டிக் கொடுத்துவிடும். மண்டப அட்டையைத் தங்கச்சியின் பெயருக்கு மாற்றினேன். சமையல்காரரை என் பெயருக்கு எடுத்தேன். சேலையை மருமகளுக்குக் கொடுத்தேன். வாழைமரத்தை உனக்குத் தந்திருக்கிறேன். அது உண்மையிலேயே உன் வேலை, இன்னும் நீ சொல்லி வைக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது, வீடியோக்காரரைக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம் என்ன செய்கிறார் என்று. உன் கலியாணத்துக்கு முழுத்தாயாக நிற்பேன். கூறை மடிப்பதிலிருந்து, கடைசிப் பந்தி எழும்பும் வரை என்னைத் தேட வேண்டி வராது. மூன்று நாள் லீவு எழுதிப் போட்டுவிட்டேன், என் பெயரில். நாலாம் நாள் காலை லொறி நேரத்துக்கு நான் தன்னாமுனையில் இருப்பேன். ஆரையம்பதிக்கும் வருவேன், சம்பந்தி வீட்டுக்கும் பரீதா இருக்கிற இடத்துக்கும், வேலைக்குப் போகிற உடுப்போடுதான்.

நீ என் பெயரில் போட்ட அந்த அட்டையை மட்டும் நான் அழிக்கவில்லை. யாருக்கும் மாற்றவுமில்லை. பொறுப்பு அம்மா என்று நீ எழுதியது சரி, என் வேலையை விடுவதா இல்லையா என்பதற்கு நான்தான் பொறுப்பு. அதன் கீழ் ஒரு சொல் எழுதியிருக்கிறேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன், மூன்று தரம் பார்த்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் திறந்து பார்.

மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா